காணி: ஒரு பழைய அளவைச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காணி என்பது எவ்வளவு நிலம்?

இந்தக் கேள்விக்கு 1.32 ஏக்கர் என்ற ஒரே விடைதான் பல இடங்களில் தரப்படுகிறது. வட தமிழகத்தையும் புதுச்சேரி வட்டாரத்தையும் பொறுத்தவரை அது சரி. ஆனால் அந்த விடையை வைத்துக்கொண்டு ஒரு சோழர் காலக் கல்வெட்டையோ, தஞ்சை வட்டாரத்துப் பழைய கணக்கையோ, யாழ்ப்பாணத்து உறுதிப் பத்திரத்தையோ படித்தால் பொருள் அடியோடு மாறிவிடும். காணி என்ற சொல் ஓரிடத்தில் ஒரு பின்னத்தையும், ஓரிடத்தில் ஒரு நிலப்பரப்பையும், ஓரிடத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் உரிமையையும், ஓரிடத்தில் பொதுவாக நிலத்தையும் குறிக்கிறது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைப் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும்.

பின்னம் என்ற முறையில் காணியின் மதிப்பு என்ன?

80இல் ஒரு பங்கு. பழைய தமிழ்க் கணக்கில் ஒன்றுக்குக் குறைந்த எண்களைக் கீழ்வாய் இலக்கம் என்பார்கள். அதில் முந்திரி 320இல் ஒன்று. அரைக்காணி 160இல் ஒன்று. காணி 80இல் ஒன்று. அரைமா 40இல் ஒன்று. முக்காணி 80இல் மூன்று. மா 20இல் ஒன்று. இதற்கு மேல் மாகாணி (அதாவது வீசம்), அரைக்கால், கால், அரை, முக்கால் என்று ஏறும்.

மாகாணி என்ற பெயரே ஒரு கூட்டல் கணக்கு. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 80இல் நான்கும் 80இல் ஒன்றும் சேர்ந்தால் 80இல் ஐந்து, அதாவது 16இல் ஒன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இது எழுதிப் பார்க்கத் தேவையில்லாத கணக்காக இருந்தது. இரண்டு மாகாணி அரைக்கால், நான்கு மாகாணி கால் என்பதும் அப்படியே.

ஒரு தொகையை எழுதும்போது பெரிய பின்னத்திலிருந்து சிறியதற்கு இறங்கி வருவார்கள். "மூன்றே முக்காலே இருமாக் காணி" என்றால் மூன்றும், முக்காலும், 20இல் இரண்டும், 80இல் ஒன்றும் சேர்ந்த தொகை. இன்றைய தசம எழுத்தில் 3.8625. "நாலுமா முக்காணி" என்றால் 80இல் 19. அதனுடன் இன்னும் ஒரு காணி சேர்ந்தால் சரியாகக் கால் ஆகிவிடும் என்பதால், காலுக்கும் கீழே உள்ள எந்தத் தொகையையும் மாவையும் காணியையும் கொண்டு 80இல் இத்தனை என்று சொல்லிவிட முடிந்தது.

ஏன் 80, 320 என்ற எண்கள்?

பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும் பழக்கமும், இருபது பங்காகப் பிரிக்கும் பழக்கமும் தமிழ்க் கணக்கில் சேர்ந்தே இருந்தன. அரை, கால், அரைக்கால், வீசம் என்பது ஒரு வரிசை. நாலுமா, மும்மா, இருமா, மா என்பது இன்னொரு வரிசை. இரண்டு வரிசைகளும் மீதமின்றிச் சந்திக்க 320 மிகவும் வசதியான எண்: கால் என்பது 80 முந்திரி, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. பின்னங்களைக் கூட்டும்போது ஒவ்வொரு முறையும் பொதுப் பகுதியைத் தேட வேண்டிய வேலையே இதில் இல்லை.

320க்குக் கீழேயும் அதே ஏணியைத் திரும்பப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் இந்த முறையின் அழகு. "கீழ்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், அதன் பின் வரும் பின்னங்கள் அனைத்தும் 320ஆல் வகுபடும். "காணிக் கீழ் அரை" என்றால் ஒரு காணியும் அரை முந்திரியும். கீழ் என்பதை மறுபடி சேர்த்தால் மறுபடி 320ஆல் வகுக்க வேண்டும். ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வேலி என்ற பெரிய நில அளவின் 52,42,88,00,000இல் ஒரு பங்குவரை நிலக்கணக்கு இறங்குகிறது. அந்த எண் வேறொன்றுமில்லை: நான்கு 320களை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையை ஐந்தால் பெருக்கினால் அது வந்துவிடும். பிற்காலத் தஞ்சை வேலியை வைத்துக் கணக்கிட்டால் அந்தப் பங்கு ஏறத்தாழ அரை சதுர மில்லிமீட்டர். எந்தக் கோலும் அதை நிலத்தில் அளந்திருக்க முடியாது. நிலத்தில் அளந்த நீள அகலங்களைப் பெருக்கி, பிரித்து, கழித்து வந்த விடையைச் சிறிதும் தள்ளாமல் அப்படியே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கர்களின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்படியானால் காணி நிலத்துக்கு மட்டும் உரிய சொல் இல்லையா?

இல்லை. பின்னம் என்ற முறையில் அது பொன், நெல், காசு என எதனுடனும் வரும். கல்வெட்டுகளில் வரும் பொன் எடையில் ஒரு கழஞ்சு 20 மஞ்சாடி. ஒரு மஞ்சாடி 2 குன்றி. ஆகவே ஒரு கழஞ்சின் காணி என்பது அரைக் குன்றி எடை. கல்வெட்டில் பொன் கணக்கின் இறுதியில் காணி என்று கண்டால், அங்கே வயல் எதுவும் இல்லை.

நாலடியாரில் கீழ்மை பற்றிய அதிகாரத்தில், முந்திரிக்கு மேல் ஒரு காணி கூடிவிட்டாலே கீழ்மகன் தன்னை இந்திரனாக எண்ணிக்கொள்வான் என்று ஒரு கருத்து வருகிறது. எதன் முந்திரி, எதன் காணி என்று பாட்டு சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இரண்டும் சேர்ந்தாலும் 64இல் ஒரு பங்குதான் என்று கேட்டவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும் என்பதில்தான் அந்த வரியின் கூர்மை இருக்கிறது. (இந்த முந்திரிக்கும் முந்திரிக் கொட்டைக்கும் தொடர்பில்லை. அந்த மரம் போர்த்துக்கீசியரால் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்டது.)

பின்னத்தின் பெயர் எப்படி நில அளவின் பெயராயிற்று?

வேலி என்பதை முழு அலகாக வைத்துக்கொண்டு, அதன் பங்கை மட்டும் சொல்லும் வழக்கத்தால் அப்படி ஆயிற்று. இதற்கு மிகத் தெளிவான சான்று காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அந்த ஆவணங்கள், ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதி உடையவர் யார் என்று விதிக்கின்றன. கால் நிலத்துக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவராக இருக்க வேண்டும் என்பது ஒரு தகுதி; குறிப்பிட்ட கல்வி உடையவருக்கு அரைக்கால் நிலம் இருந்தாலும் போதும் என்பது அதற்கு ஒரு தளர்வு. எதில் கால் என்று அங்கே எழுதப்படவில்லை. கால் வேலி என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

மாவும் இதே வழியில் வந்தது. 20இல் ஒன்று என்ற பின்னமும் மா. வேலியில் 20இல் ஒன்றாகிய நிலமும் மா. தஞ்சை வட்டாரத்தில் இன்றும் "ஐந்து மா நிலம்" என்று பேசுகிறவர்கள் பின்னம் பேசுவதாக நினைப்பதில்லை. காணியும் இந்த வரிசையில் வேலியின் 80இல் ஒரு பங்கு, அதாவது கால் மா. நில அளவு என்ற பொருளுக்கு வேறு மூலம் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வேலியின் 80இல் ஒரு பங்கு என்றால் அது எட்டு சென்ட் அளவுதானே? 1.32 ஏக்கர் எப்படி வந்தது?

கணக்கு சரிதான். தஞ்சை முறையில் 12 அடிக் கோலால் அளந்த ஒரு சதுரம் ஒரு குழி. அது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. அது 14,400 சதுர அடி, அதாவது சுமார் 33 சென்ட். 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். வேலியை 80ஆல் வகுத்தால் 3,600 சதுர அடி, சற்று ஏறக்குறைய எட்டேகால் சென்ட்.

வட தமிழகப் பகுதியான தொண்டை மண்டலத்தில் அளவுகோல் வேறு. அங்கே 24 அடிக் கோல்; ஒரு குழி 576 சதுர அடி; 100 குழி ஒரு காணி. ஆகவே அந்தக் காணி 57,600 சதுர அடி, அதாவது 1.32 ஏக்கர். இரண்டு முறைகளிலும் 100 குழிதான் அடுத்த அலகு. தெற்கே அந்த அலகுக்கு மா என்று பெயர், வடக்கே காணி என்று பெயர். கோலின் நீளம் இருமடங்கானதால் குழியின் பரப்பு நான்கு மடங்காயிற்று. தெற்கே காணி மாவில் கால் பங்கு என்பதால் வேறுபாடு மீண்டும் நான்கு மடங்கு பெருகியது. முடிவில் ஒரே பெயருள்ள இரண்டு அளவுகளில் ஒன்று மற்றொன்றைப் போல் 16 மடங்கு.

அதனால்தான் பழைய ஆவணங்களில் குழி, காணி என்பவற்றுக்கு முன்னால் எத்தனை அடிக் கோல் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்கிறோம். கோயில் சுவர்களிலும் மண்டப அடித்தளங்களிலும் அந்தந்த ஊர் அளவுகோலின் நீளத்தை இரண்டு குறிகளுக்கு இடையே வெட்டி வைத்திருப்பதை இன்றும் பல இடங்களில் காணலாம். கோல் தெரியாமல் குழிக்கு மதிப்பில்லை. குழி தெரியாமல் காணிக்கு மதிப்பில்லை.

தொண்டை மண்டலக் காணி, 18ஆம் நூற்றாண்டில் செங்கற்பட்டுப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், ஆங்கில ஆவணங்களில் "காவ்னி" என்ற உருவில் நிலைபெற்றது. சென்னை நகரில் மனை விற்பவர்கள் இன்றும் சொல்லும் "கிரவுண்டு" அந்தக் காணியின் 24இல் ஒரு பங்குதான்: 57,600ஐ 24ஆல் வகுத்தால் 2,400 சதுர அடி. காணி பேச்சிலிருந்து மறைந்த இடத்திலும் அதன் துண்டு இப்படி வழக்கில் இருக்கிறது.

பாரதியார் கேட்ட காணி நிலம் எது?

அவர் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த புதுச்சேரியின் வழக்கப்படி 100 குழிக் காணி என்று கொள்வதே பொருத்தம். பாட்டில் கேட்கப்படும் மாளிகை, கேணி, பத்துப் பன்னிரண்டு தென்னை எல்லாம் 3,600 சதுர அடிக்குள் அடங்காது. மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி விட்டால் தென்னைகளுக்கு மட்டுமே 7,500 சதுர அடி வேண்டும்.

கல்வெட்டுகளில் "காணி உடைய" என்று வருவது இந்த அளவைத்தானா?

பெரும்பாலும் இல்லை. அங்கே காணி என்பது பரப்பளவு அன்று. மரபாக வரும் உரிமை. ஓர் ஊரில் ஒருவருக்குக் காணி உண்டு என்றால், அந்த ஊர் நிலத்தில் அவருக்குப் பிறப்பால் வரும் பங்கு உண்டு, அதை அவர் விற்கலாம், ஒற்றி வைக்கலாம், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம் என்று பொருள். நிலம் பத்து வேலியாக இருந்தாலும் அது காணிதான். இரண்டு மாவாக இருந்தாலும் அது காணிதான். அந்த உரிமையை அனுபவிப்பதைக் காணியாட்சி என்றும், உடையவரைக் காணியாளர் என்றும் குறித்தார்கள். காணியிலிருந்து அரசுக்குச் செலுத்த வேண்டிய வரி காணிக்கடன்.

இன்னும் ஒரு படி மேலே சென்று, தொழிலுக்கான உரிமையும் காணி எனப்பட்டது. கோயிலில் மேளம் கொட்டுகிற உவச்சருக்கு உவச்சக்காணி, தச்சருக்குத் தச்சக்காணி, கூத்து நிகழ்த்தும் சாக்கையருக்குச் சாக்கைக்காணி என்று கல்வெட்டுகளில் காண்கிறோம். அந்தப் பணியைச் செய்யும் உரிமை, அதற்காக விடப்பட்ட நிலத்தின் விளைவு, பணியைச் செய்தாக வேண்டிய கடமை மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. இதை வெறுமனே "மானிய நிலம்" என்று எழுதிவிடும்போது கடமை என்ற பாதி விடுபட்டுப் போகிறது. பதிப்பாசிரியர்கள் காணி என்ற சொல்லையே வைத்துக்கொண்டு குறிப்பில் விளக்குவதே நல்லது.

கொங்குப் பகுதியில் இந்தப் பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரு கூட்டத்தாருக்கு, அதாவது ஒரு குலத்தாருக்கு, ஓர் ஊரில் இன்று ஒரு சென்ட் நிலம்கூட இல்லாவிட்டாலும், முன்னோர் காணி கொண்ட ஊர் அவர்களுக்குக் காணியூர்தான். அங்குள்ள கோயில் காணிக்கோயில்தான். அதில் முதன்மை பெறுவோர் காணியாளர்தான். நிலம் போனபின்னும் உரிமை மட்டும் தனியே நிற்பது, இந்தச் சொல்லின் நடுப்பொருள் பரப்பளவு அன்று என்பதை நன்றாகக் காட்டுகிறது.

மிராசு என்பதும் காணியாட்சியும் ஒன்றா?

தொண்டை மண்டலத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒன்றே. மிராசு என்பது மரபுரிமை என்று பொருள்படும் அரபுச் சொல். பாரசீக ஆட்சி மொழி வழியாக வந்தது. வரி வசூலிப்போர் அந்தச் சொல்லை எழுதினார்கள். ஊரார் காணியாட்சி என்றே சொன்னார்கள். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட கேள்விகளுக்கு எழுதிய விடைகள் 1818இல் அச்சாயின. பழைய ஆவணங்களைக் காட்டி, இது அரசு தரும் சலுகை அன்று, ஊராரின் பழைய உடைமை என்று அவர் வாதிட்டார். நிலம் யாருடையது என்ற பெரிய வழக்கில் இந்தச் சொல்லின் பொருளே சான்றாக நின்றது.

இந்த உரிமைக்கு மறுபக்கமும் உண்டு. காணி உடையவர் சிலர். அந்த நிலத்தில் உழைத்தவர் பலர். உள்குடி, புறக்குடி என்று பிரிக்கப்பட்ட பயிர்க்காரருக்கும், அவர்களுக்கும் கீழே நிறுத்தப்பட்ட பண்ணையாள்களுக்கும் காணி இல்லை. காணியாட்சியை ஊர்ச் சமுதாயத்தின் பொற்காலமாக மட்டும் எழுதுவது முழு உண்மை ஆகாது.

சொல்லின் வேர் எது? காண் என்பதா?

உரிமை என்ற பொருளில் வரும் காணியைக் காண் என்ற வினையடியோடு இணைப்பது சொல்லமைப்புக்கு ஒத்துவருகிறது. வினையடியோடு இகரம் சேர்ந்து பெயராவது தமிழில் பரவலான அமைப்பு. கொள்ளி, உண்ணி என்பன போல. மேற்பார்வை செய்வோரைக் குறிக்கும் கண்காணி என்ற சொல் கல்வெட்டுகளிலேயே வருகிறது. கண்ணால் காண்பவர் கண்காணி. அதுவே பிற்காலத்தில் கங்காணி என மருவி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலும் தொழிலாளரைத் திரட்டி மேய்த்தவரின் பெயராயிற்று. ஒருவர் தம் பொறுப்பில் கண்டு காத்து வருவது காணி என்று கொள்வதில் தடையில்லை.

ஆனால் 80இல் ஒன்று என்ற பின்னத்தை அதே வேரோடு கட்டிப்போட முயலும் விளக்கங்கள் எனக்கு ஏற்புடையவையாக இல்லை. கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய அளவு என்பதால் காணி என்கிறார்கள். அதைவிட நான்கில் ஒன்றான முந்திரிக்கும் அதே தகுதி உண்டே? ஒலி ஒன்றாக இருப்பதால் மூலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பின்னம் ஒரு சொல், உரிமை ஒரு சொல் என்று இரண்டாக வைத்துக்கொண்டால் ஆவணங்களில் எந்த இடமும் முரண்படுவதில்லை.

காணிக்கை?

அது காண் என்பதிலிருந்து நேரே வந்தது: பெரியோரையோ தெய்வத்தையோ காணும்போது கையில் கொண்டுசென்று வைப்பது. நில அளவோடு தொடர்பில்லை.

பொதிகை மலையில் வாழும் காணிக்காரர்களின் பெயரும் இதுவேயா?

அகத்தியமலைத் தொடரின் இருபுறமும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாழும் அந்தப் பழங்குடியினரின் பெயரை, நிலத்தின் மரபுரிமை உடையவர் என்ற பொருளில் விளக்குவதே வழக்கம். மலையாளத்திலும் காணி 80இல் ஒன்றைக் குறிக்கும் பின்னமாகவும் இருக்கிறது, காண்பவர் என்ற பொருளிலும் வழங்குகிறது. இரண்டு மொழிகளும் ஒரே பழைய கணக்கைப் பங்கிட்டுக்கொண்டவை.

இலங்கைத் தமிழில் காணி எத்தனை ஏக்கர்?

அங்கே அது அளவே அன்று. நிலம் என்ற பொதுச்சொல்லாகவே காணி வழங்குகிறது: காணி உறுதி, காணிப் பதிவு, காணி விடுவிப்பு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தைப் பற்றிய பேச்சில் இன்றும் ஓயாமல் கேட்கும் தொடர் "காணி, பொலிஸ் அதிகாரங்கள்" என்பதே. அளவுக்கு யாழ்ப்பாணத்தார் பரப்பு என்பார்கள்; 10 பேர்ச்சஸ் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே "நாலு பரப்புக் காணி" என்பது கால் ஏக்கர் நிலம். உரிமையைக் குறித்த சொல் அந்த உரிமை நிற்கும் நிலத்தையே குறிக்க வந்தது இயல்பான வளர்ச்சி. தமிழ்நாட்டில் "காணி பூமி உள்ள குடும்பம்" என்பதிலும் அதே பொருள்தான் இருக்கிறது.

இந்தப் பின்னக் குறிகளைக் கணினியில் எழுத முடியுமா?

முடியும். 2019இல் வெளிவந்த யூனிகோடு 12ஆம் பதிப்பில் தமிழ்த் துணைத் தொகுதியில் (Tamil Supplement) 51 குறிகள் சேர்க்கப்பட்டன. முந்திரி, காணி, முக்காணி முதலிய பின்னங்களும், குழி, வேலி ஆகிய நில அளவைக் குறிகளும் அவற்றில் அடங்கும். திரையில் தெரிவதற்கு அந்தத் தொகுதியை உள்ளடக்கிய எழுத்துரு வேண்டும்.

வீட்டிலுள்ள பழைய பத்திரத்தில் காணி என்றிருக்கிறது. எப்படிப் பொருள் கொள்வது?

முதலில் அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேலி, மா என்று இறங்கிவந்து காணியில் முடிந்தால் அது 80இல் ஒரு பங்கு. காணிக்குப் பின் குழி வந்தால் அது 100 குழிக் காணி. காணியாட்சி, காணி பாத்தியம் போன்ற தொடரானால் அது உரிமை; அதிலிருந்து பரப்பளவைக் கணக்கிட முயலக் கூடாது. பணத்தொகையை ஒட்டி வந்தால் அது பணத்தின் பின்னம்.

பிறகு ஊரைப் பாருங்கள், கோல் அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கெல்லைகளை இன்றைய சர்வே எண்ணோடும் புலப்படத்தோடும் ஒப்பிட்டு, வரும் பரப்பளவு எந்தக் காணியோடு பொருந்துகிறது என்று சரிபாருங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே 16 மடங்கு வேறுபாடு இருப்பதால், தவறான காணியை எடுத்துக்கொண்டிருந்தால் எல்லைகள் ஒத்துவராமல் உடனே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஐயம் இருந்தால், அதே நிலத்தின் அடுத்தடுத்த கிரயப் பத்திரங்களைப் பதிவு அலுவலகத்தில் நகல் எடுத்துப் பார்ப்பது நல்லது; ஏதேனும் ஒரு பத்திரத்தில் பழைய அளவும் ஏக்கர் சென்ட்டும் அருகருகே எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.